போன் சிப்பும் இயங்குதளமும்: மன்னார்குடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் பதினெட்டு ஆண்டுகளாகச் செல்போன் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, கோட்டூர், நீடாமங்கலம் என நான்கு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "ஸ்னாப்டிராகனா, மீடியாடெக்கா?" என்று பத்தாம் வகுப்புப் பையன் கேட்கிறான். "இது எத்தனை வருடம் தாங்கும் தம்பி?" என்று அவன் அப்பா கேட்கிறார். இருவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான் என்று எனக்கே புரிய வெகுகாலம் ஆயிற்று. கடை நெரிசலில் நின்றபடி முழுதாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

சிப் என்பது போனுக்குள் எது? பிராசசர் என்பதும் அதுதானா?

பின்மூடியைக் கழற்றி, போர்டின் மேலிருக்கும் தகரக் கவசத்தை ஹாட் ஏர் காட்டி எடுத்துவிட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், விரல் நகம் அளவில் கறுப்புச் சதுரம் ஒன்று தெரியும். அதன் முதுகில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். எம்டி என்று தொடங்கினால் மீடியாடெக். எஸ்எம் என்று தொடங்கினால் குவால்காம்; ஸ்னாப்டிராகன் என்பது குவால்காம் சிப்பின் பெயர். அந்தச் சதுரத்தைப் பெயர்த்துப் புரட்டினால் அடியில் நூற்றுக்கணக்கான ஈயப் பொட்டுகள் வரிசை பிசகாமல் நிற்கும்; நாற்றங்காலை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். முக்கியமான பொட்டு ஒன்று விட்டுப்போனாலும் போன் எழுந்திருக்காது. "ரீபாலிங் செய்ய வேண்டும்" என்று நாங்கள் சொல்வது இந்தப் பொட்டுகளைப் புதிதாக வைப்பதைத்தான்.

பிராசசர் என்பது அந்தச் சதுரத்துக்குள் ஒரு பகுதி மட்டுமே. கணக்குப் போடும் பகுதி, படம் வரையும் பகுதி, கேமராவுக்கான பகுதி, டவருடன் பேசும் மோடம், இருப்பிடம் கண்டறியும் பகுதி எல்லாம் பெரும்பாலான போன்களில் ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே சிப்பை மட்டும் மாற்றி போனை வேகமாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில், முடியாது. போனே அதுதான்.

இந்தச் சிப்புகளை யார் செய்கிறார்கள்?

ஒரு சிப் உருவாக மூன்று கைகள் வேண்டும்.

முதல் கை, அடிப்படை வடிவமைப்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1990-இல் ஏக்கார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஆர்ம் அதைக் கையில் வைத்திருக்கிறது. தன் வடிவமைப்பை உரிமக் கட்டணத்துக்குக் கொடுத்தே அது வளர்ந்தது. இன்று கடையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் சரி, ஐபோனும் சரி, உள்ளே பேசுவது ஆர்மின் கட்டளை மொழிதான், அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளின் தொகுப்பு.

இரண்டாவது கை, அந்த அடிப்படையை எடுத்து முழுச் சிப்பாக வரைபவர்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1985-இல் தொடங்கிய குவால்காம், தைவானின் சிஞ்சுவில் 1997-இல் தொடங்கிய மீடியாடெக், சீனாவின் யுனிசாக், பிறகு தங்கள் போனுக்குத் தாங்களே வரைந்துகொள்ளும் ஆப்பிள், சாம்சங், கூகுள், ஹவாவே.

மூன்றாவது கை, அச்சடித்துக் கொடுக்கும் ஆலை. 1987-இல் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி அதில் முன்னால் நிற்கிறது; அடுத்து சாம்சங். மிக நுண்ணிய சிப்புகளுக்கு வேண்டிய அதீதப் புறஊதா ஒளி எந்திரத்தை உலகிலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது.

போட்டி என்று சொல்கிறோமே, அது இரண்டாவது கையில் மட்டும்தான் கடுமையாக இருக்கிறது. முதலிலும் மூன்றாவதிலும் ஆள் மிகக் குறைவு. 2020 செப்டம்பரில் அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியா 4,000 கோடி டாலருக்கு ஆர்மை வாங்கப்போவதாக அறிவித்தபோது அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு எழுந்தது. 2022 பிப்ரவரியில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது. ஊரே தண்ணீர் எடுக்கும் வாய்க்காலின் தலைப்பை ஒரே ஒரு மிராசுதார் விலைக்குக் கேட்டால் நாம் சும்மா இருப்போமா? அதே நியாயம்தான்.

மீடியாடெக் என்றால் மட்டம், ஸ்னாப்டிராகன் என்றால் உசத்தி. சரிதானே?

இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே கிடையாது. சரியில்லை. ஆனால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நானும் கடையில்தான் இருந்தேன்.

மீடியாடெக் முதலில் சிடி, டிவிடி கருவிகளுக்குச் சிப் செய்துகொண்டிருந்த நிறுவனம். போனுக்கு வந்தபோது அது ஒரு புது வழியைப் பிடித்தது. சிப்போடு, அதில் ஓடும் மென்பொருளையும், போர்டு எப்படி அமைய வேண்டும் என்ற மாதிரியையும் சேர்த்தே கொடுத்தது. சமைத்த சோற்றைக் கொடுப்பது போல. வாங்குபவர் இலை போட்டால் போதும். அதனால் பொறியாளர் படையே இல்லாத சின்னச் சின்னச் சீனத் தொழிற்கூடங்களும் போன் செய்யத் தொடங்கின. 2008, 2009 வாக்கில் நம் ஊருக்கு வந்த "சைனா செட்" நினைவிருக்கும்: இரண்டு சிம், தேர்த் திருவிழா ஒலிபெருக்கி போன்ற சத்தம், பட்டன்களில் விளக்கு. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய ஐஎம்இஐ என்ற அடையாள எண்கூடப் பலவற்றுக்கு இல்லாததால் 2009 டிசம்பர் முதல் அப்படிப்பட்ட போன்களின் இணைப்பை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. அந்த நாட்களில் அழுத முகத்தோடு கடைக்கு வந்தவர்களை நான் மறக்கவில்லை. அந்த போன்களின் கெட்ட பெயர் சிப்பின் மேல் ஒட்டிக்கொண்டது.

அதே மீடியாடெக்தான் இரண்டு சிம் போனையும் தொடுதிரை போனையும் விவசாயக் கூலி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது விலையை அடித்து இறக்கியிருக்காவிட்டால் குவால்காம் தானாக இறங்கி வந்திருக்காது. 2019-இல் டைமென்சிட்டி என்ற வரிசையைத் தொடங்கி உயர்ந்த விலைப் போன்களிலும் அது நுழைந்தது. எண்ணிக்கையில் உலகிலேயே அதிகம் ஸ்மார்ட்போன் சிப் விற்கும் நிறுவனமாக 2020-இல் குவால்காமை முந்தியது.

ஸ்னாப்டிராகன் என்ற பெயரும் எப்போதும் காப்பாற்றாது. 2021 இறுதியில் வந்த ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 விலை உயர்ந்த சிப். சாம்சங் ஆலையில் அச்சானது. சூடேறுகிறது என்று உலகமெங்கும் புகார். 2022-இல் ஏறக்குறைய அதே வடிவமைப்பை டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று விட்டார்கள், சூடு தணிந்தது. பெயர் ஒன்று, வரைந்தவர் ஒருவர், அச்சடித்த இடம் மட்டும் வேறு. கத்திரி வெயிலில் களத்துமேட்டில் போன் பேசுகிறவருக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். சூடு ஏறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே பிராண்டைக் கேட்காதீர்கள். எந்த ஆண்டுச் சிப், எத்தனை நானோமீட்டர் (அச்சின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்) என்று கேளுங்கள். 2020-இல் வந்த ஹீலியோ ஜி85 என்ற சிப், 2023 இறுதியில் வந்த புதுப் போன்களிலும் இருந்தது. பெட்டி புதிது, சரக்கு மூன்று வருடப் பழையது. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

குவால்காமுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம்?

மோடம், அதையொட்டிய காப்புரிமை. டவரோடு போன் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கான 3ஜி, 4ஜி, 5ஜி முறைகளில் குவால்காமின் கண்டுபிடிப்புகள் ஏராளம். அதனால் அதன் சிப்பை வாங்காதவர்கூட அதற்கு உரிமக் கட்டணம் கட்ட நேர்கிறது. கட்டணம் சிப்பின் விலையில் அல்லாமல் முழுப் போனின் விலையில் கணக்கிடப்படுவதுதான் சண்டைக்கு மூலம். 2017-இல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2019 ஏப்ரலில் சமரசம் ஆயிற்று. சமரசம் வந்த அன்றே இன்டெல் 5ஜி போன் மோடம் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்தப் பிரிவை ஆப்பிள் 100 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பணமும் ஆளும் இருந்தும் ஆப்பிளின் சொந்த மோடம் போனில் வந்தது 2025-இல்தான், ஐபோன் 16இ-யில். மோடம் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதில் நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 2014 டிசம்பரில் சுவீடனின் எரிக்சன் நிறுவனம் தன் காப்புரிமைக்காகத் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஷாவ்மி போன்களை விற்கத் தடை விதித்தது. சில நாட்களில் தடை பாதி தளர்ந்தது: குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் விற்கலாம், மீடியாடெக் சிப் உள்ளவற்றை விற்கக் கூடாது. குவால்காம் எரிக்சனிடம் உரிமம் பெற்றிருந்ததே காரணம். ஒரே கம்பெனியின் இரண்டு போன்கள்; உள்ளே இருக்கும் கறுப்புச் சதுரம் எது என்பதைப் பொறுத்து ஒன்று கடைக்கு வந்தது, மற்றது கிடங்கில் நின்றது. சிப் என்பது வேகம் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல என்பதை அன்றுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

முன்பு இன்டெல் போன் வந்ததே, என்ன ஆயிற்று?

உலகின் முதல் இன்டெல் போன் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது: 2012 ஏப்ரலில், லாவாவின் சோலோ எக்ஸ்900, சுமார் 22,000 ரூபாய். நன்றாகவே ஓடியது. ஆனால் செயலிகள் பல ஆர்மின் மொழிக்கு எழுதப்பட்டிருந்தன. மோடத்திலும் இன்டெல் பின்தங்கியிருந்தது. போன், டேப்லெட் பிரிவில் 2014-இல் மட்டும் 400 கோடி டாலருக்கு மேல் இழந்து, 2016-இல் கடையைக் கட்டியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் என்விடியாவும் அதற்கு முன்பே போன் சிப்பை விட்டு ஒதுங்கிவிட்டன.

போனை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் மட்டும் ஏன் ஆண்ட்ராய்டு, ஐபோனின் ஐஓஎஸ் என்று இரண்டே இரண்டு? வேறு யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள், அவர்களில் பலர் இந்தியாவுக்கும் வந்தார்கள். பயர்பாக்ஸ் இயங்குதளத்தில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு வந்தது. சாம்சங் தன் டைசனை 2015 ஜனவரியில் இசட்1 போனில் 5,700 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன், பிளாக்பெர்ரி எல்லாம் என் அலமாரியில் இருந்தவை. விண்டோஸ் போன் குறைந்த சிப்பிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். நல்ல சரக்கு என்று நம்பி நான் பலருக்கு விற்றேன். செயலிகள் வரவில்லை. ஆள் இல்லாத இடத்துக்குச் செயலி எழுதுபவர் வருவதில்லை. செயலி இல்லாத போனுக்கு ஆள் வருவதில்லை. இந்த வட்டத்தை உடைக்க மைக்ரோசாஃப்டின் பணத்தாலும் முடியவில்லை.

நோக்கியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறினார்கள். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் அந்தச் சம்பளம்தான் பல வீடுகளில் உலை வைத்தது. நோக்கியா, சிம்பியன் என்ற தன் பழைய இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டு தாமதித்தது. 2011-இல் விண்டோஸ் பக்கம் சாய்ந்தது. 2014 ஏப்ரலில் போன் தொழிலே மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தப் பேரத்தில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எங்கோ நோக்கியாவின் எஸ்போவிலும் மைக்ரோசாஃப்டின் ரெட்மண்டிலும் எடுத்த இயங்குதள முடிவு, வலங்கைமான் பெண்ணின் வேலையைப் பறித்தது. அதனால்தான் இந்தப் போட்டியை வேடிக்கைச் செய்தியாக என்னால் படிக்க முடிவதில்லை.

அந்த இரண்டைத் தாண்டி நம் நாட்டில் உண்மையாகவே கால் ஊன்றியது கைஓஎஸ் ஒன்றுதான். கைவிடப்பட்ட பயர்பாக்ஸ் இயங்குதளத்தின் வேரிலிருந்து கிளைத்தது அது. 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்த ஜியோபோனில் வந்ததால், ஸ்மார்ட்போனையே தொட்டிராத லட்சக்கணக்கானவர்கள் அதன் வழியாக இணையத்துக்கு வந்தார்கள்.

ஆண்ட்ராய்டு இலவசம் என்கிறார்களே? பிறகு எதற்கு கூகுளுக்கு அபராதம்?

ஆண்ட்ராய்டின் அடிப்படை இலவசம். பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் வேண்டுமானால் கூகுளின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கு என்பது அந்த ஒப்பந்தத்தின் சாரமாக இருந்தது. ஆண்ட்ராய்டைத் தன் போக்கில் மாற்றி வேறு போன் செய்யவும் கூடாது என்றிருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022-இல் நீதிமன்றம் அதைச் சற்றே குறைத்து 412.5 கோடி ஆக்கியது.

நம் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று விதித்த அபராதம் 1,337.76 கோடி ரூபாய். தொகை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதை ஒட்டி 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்த மாற்றங்கள் பெரிது: இந்தியாவில் விற்கும் போன்களுக்குச் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம், எந்தத் தேடுபொறி வேண்டும் என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; ஆணையத்தின் உத்தரவுகளில் சிலவற்றை நீக்கியது. கூகுளின் பிடி இல்லாமல் ஒரு நிறுவனம் போன் செய்ய இப்போது கதவு திறந்திருக்கிறது.

ஹவாவே போன்கள் ஏன் காணாமல் போயின?

சீனாவின் ஹவாவேயை 2019 மே மாதம் அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்தது. கூகுள் செயலிகள் போயின. 2020 செப்டம்பரோடு டிஎஸ்எம்சி அதற்குச் சிப் அச்சடிப்பதும் நின்றது. பலர் அதோடு முடிந்தது என்று எண்ணினார்கள். 2023 ஆகஸ்டில் சீன ஆலையிலேயே அச்சான கிரின் 9000எஸ் சிப்போடு மேட் 60 புரோ வந்தது. 2024-இல் ஆண்ட்ராய்டு செயலிகளே ஓடாத முழுச் சொந்த ஹார்மனி ஓஎஸ் வந்தது. உள்நாட்டுச் சந்தை பெரிதாக இருந்ததால் தாங்கியது. நம் நாடு இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு.

நன்றாக ஓடும் போனுக்கு அப்டேட் ஏன் நின்றுவிடுகிறது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

சென்ற குறுவை அறுப்பின்போது தலைஞாயிறு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டிருந்தார். பணம் வங்கியில் ஏறிவிட்டதா என்று பார்க்க அவருடைய வங்கிச் செயலி திறக்கவில்லை. "இந்தச் சாதனத்தில் இனி இயங்காது" என்று ஒரு வரி. போனுக்கு ஒரு கீறல் இல்லை. பழைய சட்டைத் துணியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். வாங்கி நான்கு ஆண்டுகள். திறந்து பார்த்தேன், கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. "போனில் என்ன கோளாறு தம்பி?" என்றார். போனில் கோளாறே இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். மேட்டூரில் திறந்தால் மட்டும் தலைஞாயிற்றுக்குத் தண்ணீர் வந்துவிடாது. கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திருப்ப வேண்டும், அதன் பிறகு ஆற்றுக்கு ஆறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் மதகு தூக்க வேண்டும். நடுவில் ஒரு மதகு இறங்கினால் கடைமடை காயும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான். கூகுள் புதுப் பதிப்பை விடுகிறது, அது மேட்டூர். அடுத்து சிப் நிறுவனம் தன் சிப்புக்கு வேண்டிய இயக்கு நிரல்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும். பிறகு போன் நிறுவனம் அதைத் தன் மாடலுக்குப் பொருத்த வேண்டும். சிப் நிறுவனம் "இந்தச் சிப்புக்கு இனி இல்லை" என்று மதகை இறக்கிவிட்டால் போன் நிறுவனத்துக்கு மனமிருந்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மலிவு விலையில் கடும் போட்டி நடக்கும் இடத்தில்தான் இந்த மதகு சீக்கிரம் இறங்குகிறது. பழைய சிப்பைப் பேணுவதில் வருமானம் இல்லை; அடுத்த சிப்பை விற்பதில் இருக்கிறது.

மனம் வைத்தால் முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் ஃபேர்போன் 2015-இல் விட்ட ஃபேர்போன் 2-இல் ஸ்னாப்டிராகன் 801 இருந்தது. குவால்காம் ஆதரவை ஆண்ட்ராய்டு 6-ஓடு நிறுத்திக்கொண்டது. அந்தச் சின்ன நிறுவனம் சிப்காரரின் உதவி இல்லாமலே தானாக உழைத்து அடுத்தடுத்த ஆண்ட்ராய்டுகளைக் கொண்டுவந்து, 2023 வரை போனை உயிரோடு வைத்திருந்தது. சிப்பும் இயங்குதளமும் ஒரே கையில் இருக்கும் ஆப்பிளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்பு அப்டேட் வந்தது.

நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2023-இல் கூகுளின் பிக்சல் 8, 2024-இல் சாம்சங் எஸ்24 ஆகியவை ஏழு ஆண்டு அப்டேட் என்று வாக்களித்தன. 2024 அக்டோபரில் 20,000 ரூபாய்க்கும் குறைவாக வந்த சாம்சங் ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டுகள்; நம் நாட்டில் விற்ற அந்தப் போனில் இருந்தது மீடியாடெக் சிப். மலிவுப் போனுக்கு முடியாது என்ற சாக்கு இனி செல்லாது. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அப்படி ஒரு விதி இங்கே வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். வரும்வரை, வாங்கும்போது கேமராவுக்கு முன் இதைக் கேளுங்கள்: "எந்த வருடம் வரை பாதுகாப்பு அப்டேட்?" கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அது கடைக்காரர் கடமை.

எங்கள் கிராமத்தில் டவர் சரியாக எடுப்பதில்லை. வேறு சிப் உள்ள போன் வாங்கினால் எடுக்குமா?

ஓரளவு. ஒரே இடத்தில் இரண்டு போன்கள் வெவ்வேறாகச் சிக்னல் காட்டுவதற்கு மோடமும் ஆன்டெனாவும் காரணம். ஆனால் அதைவிட முக்கியம், போன் எந்தெந்த அலைவரிசைகளை ஏற்கிறது என்பது. தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும். தென்னந்தோப்பையும் ஓரளவு ஊடுருவும். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய தனியார் நிறுவனம் ஜியோ மட்டும். அந்த 5ஜி அலைவரிசைக்கு என்28 என்று பெயர். ஜியோ சிம் வைத்திருப்பவர் பெட்டியிலோ இணையதளத்திலோ என்28 இருக்கிறதா என்று பாருங்கள்.

2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, 5ஜி போன் வைத்திருந்த பலருக்கு அது வரவில்லை. சிப்பில் வசதி இருந்தது. திறந்துவிடும் மென்பொருள் வந்து சேரவில்லை. ஐபோனுக்கே டிசம்பரில்தான் வந்தது. அங்கேயும் மதகுதான்.

பேட்டரி நிற்பதற்கும் சிப்புக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. நானோமீட்டர் எண் குறையக் குறைய அதே வேலைக்கு மின்சாரம் குறைவாகப் போகும். 6 நானோமீட்டர் சிப்பும் 12 நானோமீட்டர் சிப்பும் ஒரே விலையில் கிடைத்தால் யோசிக்காமல் 6-ஐ எடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கடையில் ஜெனரேட்டர் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தோம். ஒரே நாளில் வரிசையில் இரண்டு முறை நின்றவர்களும் உண்டு, மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தவர்களும் உண்டு. அன்றிலிருந்து பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்று கேட்பவர்களிடம் சிப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

நம் நாட்டுச் சிப், நம் நாட்டு இயங்குதளம் வராதா?

வித்து தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர், ஆர்மின் உரிமம் தேவைப்படாத ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளை மொழியில் அமைந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்தது அந்த மொழி. 2018-இல் சக்தி சிப் அச்சாகி வந்தது. பிறகு சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள நம் அரசு ஆலையிலும் அச்சானது. ஆனால் அந்த ஆலையில் அச்சானது 180 நானோமீட்டர்; போனுக்கு உரியதல்ல, கருவிகளுக்கும் எந்திரங்களுக்கும் உரியது. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த நிறுவனம் பார்ஓஎஸ் இயங்குதளத்தைக் காட்டியது. ஆண்ட்ராய்டின் திறந்த அடிப்படை மேல் எழுந்தது அது. கடைக்கு வர நாளாகும். போன் சிப்பில் மோடம்தான் மலை என்பதை மேலே பார்த்தோம். ஆனாலும் மொழியும் கருவியும் நம் கையில் இருக்க வேண்டும் என்று உழைப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்டேட் நின்ற போனை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். வங்கிச் செயலி, யுபிஐ, ஆதார் ஓடிபி வரும் சிம் மூன்றையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மேட்டூர் நீர்மட்டம் பார்க்க, வானொலி கேட்க, பேரனுக்குப் பாட்டுப் போட அது இன்னும் சில ஆண்டுகள் போதும். தலைஞாயிற்றுப் பெரியவரும் அப்படித்தான் வைத்திருக்கிறார். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த பஸ்ஸிலேயே கடைக்குக் கொண்டுவாருங்கள்.